எந்தக் கட்சியும் சாராதவருக்குத் தேர்தல் செய்தியில் என்ன இருக்கிறது?

திமுகவின் ஒரு முடிவைக் குறை சொன்னால் 'சங்கி' (சங்கப் பரிவார ஆதரவாளர்) என்கிறார்கள். பாஜகவைக் குறை சொன்னால் '200 ரூபாய் உபி' (காசுக்குப் பேசும் திமுக உடன்பிறப்பு) என்கிறார்கள். அதிமுக கொண்டுவந்த ஒரு திட்டம் நல்லது என்றால் அதற்கும் ஒரு பட்டம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியாக எடைபோட்டுப் பார்க்க நினைக்கும் வாக்காளருக்கு இந்தச் சூழல் மூச்சு முட்டுகிறது.

ஆனால், அப்படிப்பட்டவர்களும்தான் தமிழ்நாட்டில் ஆட்சியைத் தீர்மானித்து வந்திருக்கிறார்கள். 1989, 1991, 1996, 2001, 2006, 2011 என்று தொடர்ந்து ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் திமுகவும் அதிமுகவும் மாறி மாறி வென்றன. கட்சிக்காரர்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூட்டம் கூட்டமாகக் கட்சி மாறுவதில்லை. கூட்டணிகள் மாறியது ஒரு காரணம் என்றால், எந்தப் பக்கமும் கட்டுப்படாத மக்கள் இன்னொரு காரணம். இத்தனை வலிமை உள்ளவர்களுக்கு அரசியலிலும் செய்தியிலும் ஏன் இடமில்லை என்பதைப் புரிந்துகொள்ள, மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று: வாக்கு எப்படி இடமாகிறது

நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் யார் அதிக வாக்கு வாங்குகிறாரோ அவரே வெற்றி பெறுகிறார். பாதிக்கு மேல் வாங்க வேண்டிய அவசியமில்லை. இதன் விளைவைத் தேமுதிகவின் கதை தெளிவாகக் காட்டும். 2006-இல் விஜயகாந்தின் கட்சி தனித்து நின்று 8 சதவீதத்துக்கும் மேல் வாக்கு வாங்கியது. கிடைத்தது விருத்தாசலம் என்ற ஒரே ஒரு தொகுதி. 2011-இல் அதிமுக கூட்டணியில் சேர்ந்தது. வாக்கு 8 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது, ஆனால் 29 இடங்கள் கிடைத்தன. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். ஏறக்குறைய அதே வாக்கு தனியாக நின்றபோது ஓர் இடத்தையும், பெரிய கட்சியுடன் சேர்ந்தபோது 29 இடங்களையும் தந்தது. மூன்றாவதாக ஒரு வழி தேட வந்த கட்சிகள் பலவும் கடைசியில் ஏதாவது ஒரு கூட்டணியின் வாசலில் போய் நிற்பதற்கு இந்தக் கணக்குதான் முதல் காரணம்.

2024 மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணி சுமார் 47 சதவீத வாக்குகளுடன் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் வென்றது. அதிமுக அணிக்கு 23 சதவீதமும், பாஜக அணிக்கு 18 சதவீதமும், நாம் தமிழர் கட்சிக்கு 8 சதவீதமும் கிடைத்தன. இவர்களில் யாருக்கும் ஓர் இடம்கூட இல்லை. 'அலை வீசியது' என்று தலைப்புப் போட்டார்கள். வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வேறு யாருக்கோ வாக்களித்திருந்தார்கள் என்பதையும் அதே செய்தி சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு: சட்டமன்றத்துக்குள் கட்டப்பட்ட கை

'கட்சியைப் பார்க்காதே, ஆளைப் பார்' என்று சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் அதன் பயனைக் குறைத்துவிட்டது. கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்கலாம். சாதாரண மசோதாவுக்கும் இதே விதிதான். தன் தொகுதி மக்களைப் பாதிக்கும் மசோதா என்று ஒருவருக்குத் தெரிந்தாலும், அவர் கட்சி சொன்னபடிதான் கை தூக்க வேண்டும்.

சரி, தாவலையாவது இந்தச் சட்டம் ஒழுங்காகத் தடுத்ததா? 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமியின் அதிமுக அரசின் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில் ஓ. பன்னீர்செல்வம் அணியைச் சேர்ந்த 11 பேர் சொந்தக் கட்சியின் அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். அவர்கள் பதவி இழக்கவில்லை. அதே ஆண்டு, முதல்வருக்கு அளித்த ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஆளுநரிடம் கடிதம் கொடுத்த டி.டி.வி. தினகரனை ஆதரித்த அதிமுக உறுப்பினர்கள் 18 பேரைச் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். முடிவெடுக்கும் அதிகாரம் சபாநாயகரிடம் இருக்கிறது, சபாநாயகர் ஆளுங்கட்சிக்காரர். இந்தத் தடை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இருந்தால் போதும் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. அதை நிறைவேற்றியிருந்தால், மசோதாவைப் பார்த்து வாக்களிக்கும் உறுப்பினர் ஒருவரையாவது இன்று நாம் பார்த்திருப்போம்.

மூன்று: செய்தி எதைக் கேட்கிறது

கட்சிகள் தொலைக்காட்சி நடத்துவது நமக்குப் பழகிப்போனது. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் தொலைக்காட்சி, கேப்டன் டிவி என்று பார்க்கும்போதே யாருடையது என்று தெரிந்துவிடும், அதற்கேற்பக் கழித்துக்கொண்டு பார்க்கலாம். எனக்குப் பெரிய வருத்தம் 'நடுநிலை' என்று சொல்லிக்கொள்ளும் செய்தியின் மீதுதான். அங்கே நடுநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைப்பது என்று ஆகிவிட்டது. இரவு எட்டு மணிக்கு இரண்டு செய்தித் தொடர்பாளர்கள், ஒரு மூத்த பத்திரிகையாளர், ஓர் அரசியல் விமர்சகர் என்று அமர்கிறார்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும் யார் யாரை மடக்கினார் என்பது தெரியும். பேசிய திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பது தெரியாது.

2021 மார்ச்சில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவோம் என்றார் திமுக தலைவர் ஸ்டாலின். மறுநாளே அதிமுக 1,500 ரூபாய் என்று அறிவித்தது. எங்கள் தேர்தல் அறிக்கை கசிந்துவிட்டது என்றார் பழனிசாமி. செய்திகளில் 'யார் யாரைக் காப்பியடித்தார்?' என்ற கேள்வி ஓடியது. ஒரு வாக்காளருக்குத் தேவைப்பட்ட கணக்கு மிகவும் எளியது. ஒரு கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி, 1,500 ரூபாய் என்றால் 18,000 கோடி. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? எல்லாக் குடும்பத்துக்குமா, சிலருக்கு மட்டுமா? திமுக ஆட்சிக்கு வந்து, 2023 செப்டம்பரில் 1,000 ரூபாய் திட்டத்தைத் தொடங்கியபோது தகுதி வரம்புகள் வந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பணம் கிடைத்தது, விடுபட்டவர்கள் ஏமாற்றமடைந்தார்கள். தகுதி பற்றிய கேள்வியை வாக்களிக்கும் முன்பே இரு கட்சிகளிடமும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

கருத்துக்கணிப்பும் இப்படித்தான். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரு அணிகளுக்கும் இடையே இருந்த வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம். அன்று தேர்தல் நடந்த 232 தொகுதிகளில் அதிமுக 134, திமுக கூட்டணி 98. ஒரு சதவீதம் 36 இட வித்தியாசமாக விரிந்தது. நேர்மையாக எடுத்த கணிப்பில்கூட இரண்டு மூன்று சதவீதம் பிசகு வரும். அப்படியிருக்க, 'இத்தனை இடம்' என்று அடித்துச் சொல்வது வாக்காளருக்கு எந்த விதத்திலும் உதவாது. அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கணிப்புகளில் பெரும்பாலானவை திமுகவே வெல்லும் என்றன. 2024 மக்களவைத் தேர்தலில் பாஜக தலைமையிலான தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்று பெரும்பாலானவை சொன்னன, கிடைத்தது 293.

வாக்கு எண்ணும் நாளின் 'முன்னிலை' இன்னும் மெலிதானது. எட்டு மணிக்குத் தபால் வாக்கு, அரை மணி கழித்து வாக்குப்பதிவு இயந்திரம். வழக்கமாக 14 மேசைகள், அதாவது ஒரு சுற்றில் 14 வாக்குச்சாவடிகள். 280 சாவடிகள் உள்ள தொகுதிக்கு 20 சுற்று வேண்டும். சாவடிகளுக்கு வரிசை எண் ஊர்வாரியாகக் கொடுக்கப்படுவதால், முதல் சுற்று பெரும்பாலும் தொகுதியின் ஒரு மூலையில் உள்ள சில ஊர்களின் கணக்கு. அதை வைத்து ஒன்பது மணிக்கே 'பின்னடைவு' என்கிறார்கள். ஆனால், முடிவு மிகச் சிறிய வித்தியாசத்திலும் நிற்கலாம்: 2016-இல் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில்தான் நின்றது.

பிறகு எங்கே பார்ப்பது?

கட்சி சாராத வாக்காளருக்குத் தேவையான ஆவணங்கள் பொதுவெளியில் இருக்கின்றன. ஒவ்வொரு வேட்பாளரும் வேட்புமனுவுடன் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நிலுவையிலுள்ள வழக்குகள், தன் பெயரிலும் துணைவர் பெயரிலும் உள்ள சொத்து, கடன், வருமானம், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யாரும் படிக்கலாம். ஏற்கெனவே உறுப்பினராக இருந்தவர் என்றால், முந்தைய தேர்தலில் கொடுத்த பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஐந்தாண்டில் அவருடைய சொத்து எப்படி மாறியது என்பது தெரிந்துவிடும்.

தேர்தல் முடிந்தபின் வெளியாகும் படிவம் 20-இல் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு என்று இருக்கும். 'இந்த ஊர் இந்தக் கட்சிக்குத்தான்' என்ற பேச்சு எவ்வளவு உண்மை என்று அதில் சரிபார்க்கலாம். ஆட்சி என்ன செய்தது என்று அறிய, மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் பேரவையில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கிறது. அரசு தன்னைப் பற்றித் தானே சொல்வது அது. அதே துறை பற்றி அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சிஏஜியின் அறிக்கை இருந்தால், அதையும் சேர்த்துப் படியுங்கள்; சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள தூரம் தெரியும்.

இதையெல்லாம் வேலைக்குப் போய்வரும் மனிதர் தனியாகச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். இதைச் செய்வதற்காகத்தான் செய்தியாளர் என்றொரு தொழில் இருக்கிறது. ஒரு நாளிதழ் தன் மாவட்டத்துத் தொகுதிகளுக்கு மட்டுமாவது வேட்பாளர்களின் இரண்டு பத்திரங்களையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் போடட்டும். ஒரு தொலைக்காட்சி ஒரு வாக்குறுதியை எடுத்துக்கொண்டு, அதன் செலவை மட்டும் அரை மணி நேரம் பேசட்டும். நடுவில் நிற்பவர் தன் கருத்துக்கு ஆதரவு தேடவில்லை. தீர்மானிக்க விவரம் கேட்கிறார். அதைக் கொடுக்கும் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குவோம், கொடுக்காத விவாதத்தை அணைப்போம். நம்மிடம் வாக்கு கேட்டு வருபவரிடம், அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எவ்வளவு செலவாகும், யார் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளையும் தவறாமல் கேட்போம்.