பிள்ளை கழுத்தில் பட்டுப் பை!
சீனத் தாய்மார் ஊசியால் போடும் காவல்

சின்னஞ்சிறு பை. உள்ளங்கையில் அடங்கி விடும். பட்டுத் துணியில் தைத்தது. மேலே புலி முகம். கீழே குஞ்சம். முகர்ந்து பார்த்தால் கமகம என்று மணக்கும்.

சீனாவில் ஆண்டுக்கு ஒரு நாள், தாய்மார்கள் இந்தப் பையைப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டி விடுகிறார்கள்.

ஏன்? நோய்க்குப் பயந்துதான்!

கெட்ட மாதம்

சீனர்களின் சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம், ஐந்தாம் நாள் பெரிய திருநாள். "துவான்வு" என்பது அதன் பெயர். பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வரும். ஆறுகளில் படகுப் பந்தயம் நடக்கும். 2008-ம் ஆண்டு முதல் அன்று அரசு விடுமுறை.

ஊருக்கு அது கொண்டாட்டம். ஆனால் அந்தக் காலத்துத் தாய்மாருக்கோ கவலை! வெயில் ஏறும் மாதம் அது. பூச்சி பொட்டு வெளியே வரும். காய்ச்சல் பரவும். தடுப்பு ஊசி இல்லாத காலத்தில் குழந்தைகள் பிழைப்பதே பெரும்பாடு. அதனால் "கெட்ட மாதம்" என்றே சொன்னார்கள்.

பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி. இவை "ஐந்து விஷங்கள்". இந்த ஐந்தையும் பையிலேயே பூவேலையாகப் போடுவது உண்டு. முள்ளை முள்ளால் எடுப்பது போல, விஷத்தை விஷம் விரட்டும் என்பது நம்பிக்கை.

தைப்பது எப்படி?

கான்சு மாகாணத்தில் உள்ள சிங்யாங் பகுதி இந்தப் பைகளுக்குப் பேர் போனது.

முதலில் காகிதத்தில் புலி உருவத்தை வெட்டுவார்கள். அதைப் பட்டின் மேல் ஒட்டுவார்கள். காகிதம் மறையும்படி, வண்ண நூலை நெருக்கி நெருக்கித் தைப்பார்கள். உருவம் சற்றுப் புடைத்து நிற்கும்.

பிறகு இரண்டு துண்டுகளைச் சேர்த்து ஓரம் தைப்பார்கள். கொஞ்சம் வாய் விட்டு, அதன் வழியே பஞ்சும் வாசனைத் தூளும் அடைப்பார்கள். மாசிபத்திரி இனத்து இலை, கிராம்பு முதலியவை அந்தத் தூளில் இருக்கும். வாயை மூடித் தைத்து, மேலே கயிறும் கீழே குஞ்சமும் கட்டினால் பை தயார்!

பிள்ளையின் கையிலும் பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று ஐந்து நிற நூல் கட்டுவார்கள்.

அங்கேயும் வசம்பு!

அன்று வீட்டு வாசலில் வசம்பு இனத்துச் செடியின் இலையைத் தொங்க விடுவார்கள். வாள் போன்ற அந்த இலை கெட்டதை வெட்டி விடுமாம்! தமிழ்நாட்டிலும் குழந்தையின் கையில் வசம்பு வளையல் கட்டும் வழக்கம் உண்டு அல்லவா? நாடுதான் வேறு. தாய் மனம் ஒன்றே.

வாசனைப் பை சீனாவில் மிகப் பழமையானது. 1972-ல் சாங்ஷா நகரில் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு பிரபுவின் மனைவி அதில் இருந்தாள். அவளுடன் வாசனைப் பொருள் நிரப்பிய பட்டுப் பைகளும் கிடைத்தன!

சிங்யாங் பை வேலையை 2006-ல் சீன அரசு தேசியக் கலைச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. இன்று அங்குள்ள பெண்கள் பை தைத்து விற்றுச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள்.

பை நோயைத் தடுக்குமா? அந்த மணத்துக்குச் சில பூச்சிகள் விலகலாம். அவ்வளவுதான். நோய்க்கு டாக்டரும் தடுப்பு ஊசியும்தான் வேண்டும்.

இது இன்றையத் தாய்மாருக்கும் தெரியும். ஆனாலும் திருநாள் நெருங்கினால் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து விடுகிறார்கள்.

டாக்டர் போடும் ஊசி உடம்புக்கு. அம்மா பிடிக்கும் ஊசி மனசுக்கு!