படம் இருக்கிறது, பெயர் எங்கே?

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை நிக்கோபார்த் தீவுகளின்மீது ஏறி வந்தபோது, உயிர் தப்பியவர்கள் மேட்டு நிலத்தை நோக்கி ஓடினார்கள். சுவரில் மாட்டியிருந்த திருமணப் படத்தைக் கழற்றிக்கொள்ள அன்று யாருக்கு நேரம் இருந்தது? இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத் தொழிலுக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சல் தீவும் அன்று பேரழிவுக்கு உள்ளாயிற்று. வீடு போன இடத்தில் வீட்டிலிருந்த படங்களும் போயின. எப்போதோ ஊரிலுள்ள உறவினர்க்கு அஞ்சலில் ஒரு பிரதி அனுப்பிவைத்தவர்களுக்கே பழைய முகங்களை மீண்டும் காணும் வாய்ப்பு இருந்தது.

இன்று நம் வீடுகளில் நிலைமை வேறு. கைபேசி ஒன்றிலேயே பல்லாயிரம் படங்கள் கிடக்கின்றன. ஆயினும் பெரியம்மாவின் மணிவிழாப் படம் ஒன்று வேண்டுமென்று கேட்டால், அரை மணி நேரம் விரலால் தள்ளித் தேடியும் அது அகப்படுவதில்லை. கடற்கரைச் சூரியோதயங்கள் நாற்பது வருகின்றன, பெரியம்மா வருவதில்லை. குவிந்து கிடப்பது ஒன்று, தொகுத்து வைத்திருப்பது வேறொன்று.

தொகுப்பதற்கு முதற்படி கழிப்பதுதான். ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்திருந்தால் நல்லது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடலாம். ஜாரவா மக்களைச் சாலையோரத்தில் யாரேனும் எடுத்தனுப்பிய படம் இருப்பின் அதையும் நீக்கிவிடுக. பழங்குடியினர் பாதுகாப்புக்கான 1956ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் கீழ் அவர்களைப் படமெடுப்பது குற்றமாகும்.

அடுத்து, எஞ்சியவற்றுக்குப் பெயரிட வேண்டும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எண்களை முதலில் எழுதி, அதன் பின் இடத்தையும் நிகழ்ச்சியையும் சேர்ப்பதே சிறந்த முறை. ‘1978-04-14 ரங்கத் புத்தாண்டு’ என்பது போல் எழுதினால், கணிப்பொறி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். நாளும் மாதமும் தெரியாவிட்டால் அவ்விடத்தில் பூஜ்யங்களை இடலாம். கைபேசியில் எடுத்த படத்தினுள் நாளும் நேரமும் தாமாகவே பதிந்திருக்கின்றனவே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அக்குறிப்புகள் உதிர்ந்துவிடுகின்றன. படத்தின் நுட்பமும் குறைகிறது. பழைய அச்சுப் படத்தை ஸ்கேன் செய்தாலோ, ஸ்கேன் செய்த நாளே அதன் நாளாகப் பதிவாகிவிடும். தாத்தா சென்ற ஆண்டு மணம் முடித்தார் என்று கணிப்பொறி சாதிக்கும்!

இத்தீவுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹேவ்லாக் என்று நாம் அழைத்துவந்த தீவு 2018 டிசம்பரில் சுவராஜ் தீவு ஆயிற்று. நீல் தீவு ஷஹீத் தீவு ஆயிற்று. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் பெற்றது. பழைய பெயரால் மட்டும் எழுதிவைத்தால் பேரப்பிள்ளைகள் தேடும்போது கிட்டாது. புதிய பெயரை மட்டும் எழுதினால் நம் நினைவுக்கு எட்டாது. ஆகையால் இரு பெயர்களையும் சேர்த்தே எழுதுவோம்.

அச்சுப் படங்களை ஸ்கேன் செய்யும்போது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவு பொதுவாகப் போதுமானது. படத்தின் பின்புறத்தையும் தவறாமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவின் முத்திரை, மையால் எழுதிய ஓரிரு சொற்கள், கப்பல் ஏறிய தேதி ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஈரக்காற்று மிகுந்த இத்தீவுகளில் பூஞ்சணம் படத்தின் பசைப்பூச்சைத் தின்றுவிடும். எனவே இப்பணியை அடுத்த மழைக்காலத்திற்குத் தள்ளிவைப்பது நன்றன்று.

முறைப்படி அடுக்குவதன் பயனுக்கு இத்தீவுகளிலேயே ஒரு பழஞ்சான்று உண்டு. மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கில அதிகாரி 1890களில் அந்தமானியரைப் படமெடுத்து, விளக்கக் குறிப்புகளுடன் தொகுதிகளாக்கி லண்டனுக்கு அனுப்பினார். ஆளுவோர் ஆளப்பட்டோரை அளந்து எடுத்த படங்கள் அவை. அந்த நோக்கை நாம் போற்ற வேண்டியதில்லை. எனினும் குறிப்புகளோடு அடுக்கி, கடலுக்கு அப்பால் வைத்திருந்தமையால், வாய்ச்சி போன்ற கருவிகளை அம்மக்கள் செய்த விதத்தை இன்றும் காண முடிகிறது.

கடலுக்கு அப்பால் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மூன்று பிரதிகள் வேண்டும், அவை இருவகைச் சாதனங்களில் இருக்க வேண்டும், ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பர் இத்துறை அறிந்தோர். தீவில் வாழ்வோர்க்கு ‘வேறிடம்’ என்பது அடுத்த தெரு அன்று. கைபேசியில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, மூன்றாவது தஞ்சையிலோ மதுரையிலோ உள்ள தம்பி வீட்டில் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. செயற்கைக்கோள் இணைப்பை மட்டும் நம்பியிருந்த நாட்களில் நினைத்தும் பார்க்க முடியாத அளவுக்கு, இணையத்தின் வழியே படங்களைத் தொலைவில் சேமிப்பது இப்போது எளிதாகியிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, சில மாதங்களுக்கொரு முறை இயக்கிப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

இவையெல்லாம் பணத்தாலும் பொறுமையாலும் ஆகக்கூடியவை. ஆகாதது ஒன்று உண்டு. இன்றைய மென்பொருள் ஒரே முகமுள்ள படங்களை ஒன்று சேர்த்துத் தருகிறது; அம்முகம் யாருடையது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். கப்பல் தளத்தில் டிரங்குப் பெட்டியோடு நிற்கும் ஐவரில் இடப்புறம் இருப்பவர் சின்ன மாமாவா, உடன் வந்த ஊர்க்காரரா என்பது வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கே தெரிந்திருக்கும். ஆகவே நாம் சொன்ன வரிசையை இந்த ஒன்றில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். கழிப்பதும் அடுக்குவதும் பிறகு ஆகட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய படங்களில் இருபதை எடுத்துக்கொண்டு அவரருகே உட்காருங்கள். கைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படமாகக் காட்டி, இடமிருந்து வலமாகப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.