கைத்தொலைபேசி திருத்தும் தொழில்: முதலில் எதை வாங்குவது?

2009இல் யுத்தம் முடிந்த பின்னர் வடக்கு கிழக்கில் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட வாழ்வாதார உதவிகள் பெரும்பாலும் தையல் இயந்திரம், கோழி, ஆடு, சிறுகடை என்பவற்றுக்குள்ளேயே சுற்றி வந்தன. ஒரே கிராமத்தில் பத்துப் பேருக்குத் தையல் இயந்திரம் கொடுத்தால் தைக்கக் கொடுப்பவர் யார் என்று கேட்பாரில்லை. இப்போது சில இளம் பெண்கள் கைத்தொலைபேசி திருத்தும் பயிற்சியை முடித்துக்கொண்டு வருகின்றார்கள். இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அக்கா, கடை போடுவதற்கு என்னென்ன சாமான் வாங்கி வைக்கவேண்டும்?"

கண்ணாடிப் பெட்டி நிறைய உதிரிப்பாகங்கள் இருந்தால்தான் கடை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தப் பெட்டியை நிரப்பத்தான் கிழமைக் கடன் எடுக்கப்படுகிறது. நுண்நிதிக் கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் தவணை கட்ட முடியாமற்போன பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களை 2018இல் அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. கடன் அறவிடுபவர் கிழமை தவறாமல் வாசலுக்கு வருவார். பெட்டியில் கிடக்கும் டிஸ்பிளே எந்தக் கிழமை விற்கும் என்பதை யாராலும் சொல்லமுடியாது.

முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சகோதரிக்கு உதவி நிறுவனம் ஒன்று பணமாகக் கொடுக்காமல் பொருளாகவே கொடுத்தது. யாரோ நகரத்தில் இருந்து தயாரித்த பட்டியல். அதில் பாதிக்கு மேல் டிஸ்பிளேக்கள். அந்த மொடல் போன்களை வைத்திருப்பவர் அந்தக் கிராமத்தில் ஒருவர்கூட இல்லை. உதவி கொடுத்ததாகக் கோப்பில் பதிவாகியிருக்கும். அவருடைய பெட்டியில் அவை இன்னமும் கிடக்கின்றன.

ஆகவே வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய வேலை எண்ணுவது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு இரண்டு கிழமைக்கு உங்கள் ஊரில் யார் கையில் என்ன போன் இருக்கிறது என்று எழுதுங்கள். மாதர் சங்கக் கூட்டம், பாடசாலை வாசல், தையல் நிலையம் எங்கும் இதைச் செய்யலாம். கொம்பனிப் பெயர் மட்டும் போதாது, மொடல் இலக்கமும் வேண்டும். சம்சுங் ஏ10 என்பதும் ஏ10எஸ் என்பதும் காதுக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் ஒன்றின் டிஸ்பிளே மற்றதற்குப் பொருந்தாது. மறுபுறம் ரெட்மி 9ஏ, 9சி இரண்டுக்கும் ஒரே டிஸ்பிளே போடலாம். போனின் செற்றிங்ஸில் 'அபவுட் போன்' என்ற இடத்தில் மொடல் இலக்கம் இருக்கும். போனில் என்ன பழுது வந்தது என்பதையும் கேட்டு எழுதுங்கள். இந்தக் கொப்பிதான் உங்களுக்கான பட்டியல்.

கையில் 40,000 ரூபா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலைகள் அடிக்கடி மாறுவதால் இதை ஒரு அளவாக மாத்திரம் பாருங்கள். அதில் 15,000 முதல் 18,000 வரை கருவிகளுக்குப் போகட்டும்: சிறு திருப்புளித் தொகுதி, சாமணம், மல்ரிமீற்றர், சூட்டைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சோல்டரிங் அயன், ஈயக்கம்பி, பிளக்ஸ், துப்பரவு செய்யும் ஐசோபுரோப்பைல் அல்ககோல், சாஜ் எவ்வளவு ஏறுகிறது என்று காட்டும் சிறிய யூ.எஸ்.பி மீற்றர். சுடுகாற்று மெஷினைப் பிறகு பார்க்கலாம். உதிரிப்பாகங்களுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போகவேண்டாம். மிகுதி கையில் இருக்கவேண்டும். இந்த மிகுதியை வெறுமனே கிடக்கும் பணம் என்று நினைத்துச் செலவழித்துவிடுபவர்கள்தான் இரண்டாம் மாதம் கடனுக்குப் போகிறார்கள்.

கருவிக்கு இவ்வளவு ஏன் என்றால், முதல் மாதங்களின் வருமானம் உங்கள் கைவேலையால்தான் வரும். "சாஜ் ஏறவில்லை" என்று வரும் போனை எடுத்தவுடன் பிரிக்காதீர்கள். முதலில் வேறு வயர், பிறகு வேறு சாஜர், பிறகு சாஜிங் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். எங்கள் வீதிப் புழுதியும் சட்டைப் பையின் பஞ்சும் அங்கே இறுகிக் கிடக்கும். போனை நிறுத்திவிட்டு ஒரு பல்லுக்குத்தும் குச்சியால் மெதுவாக எடுத்தாலே பல போன்கள் சாஜ் ஏறும். இதற்கு உதிரிப்பாகமே தேவையில்லை.

அதன் பின்னரும் ஏறாவிட்டால் சாஜிங் போர்ட்டை மாற்றவேண்டும். மைக்ரோ யூ.எஸ்.பி, ரைப்-சி இரண்டிலும் அதிகம் போகும் வகைகளில் ஐந்தாறு வாங்கி வைக்கலாம். விலை குறைவு, தேவை அதிகம். சில போன்களில் போர்ட் ஒரு சிறிய தனிப் பலகையில் இருக்கும். அதை முழுதாக மாற்றுவது இலகு, ஆனால் மொடலுக்கு மொடல் வேறுபடும் என்பதால் தேவை வரும்போது எடுப்பியுங்கள். பட்டன் போன்கள் கிராமங்களில் இன்னும் இருக்கின்றன. நொக்கியாவின் பி.எல்-5சி பற்றரி பல மொடல்களுக்குப் பொருந்தும், அதில் நாலைந்து இருக்கட்டும். ஆகவும் மலிவான போலிப் பற்றரியைத் தொடாதீர்கள். பெயர்பெற்ற நொக்கியாவே 2007 ஓகஸ்ட்டில் இதே வகையில் 4 கோடி 60 இலட்சம் பற்றரிகள் சாஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடேறலாம் என்று அறிவித்து மாற்றிக்கொடுக்க முன்வந்தது. பற்றரிகளைப் பாதி சாஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். பற்றரி நாட்பட நாட்பட வலுவிழக்கும் பொருள், ஆகவே மலிவாகக் கிடைக்கிறதென்று ஐம்பது வாங்காதீர்கள். வீங்கிய பற்றரியைக் குத்தவோ சாஜ் ஏற்றவோ கூடாது. தகர டின்னுக்குள் மணலில் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

டிஸ்பிளே ஒன்றையும் முன்கூட்டி வாங்கவேண்டாம். வாடிக்கையாளரிடம் அதன் விலையை முற்பணமாகப் பெற்று, பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்து, அதன் பின் எடுப்பியுங்கள். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து மொத்தக் கடைகளிலோ யாழ்ப்பாணத்திலோ ஒருவரைப் பிடித்துக்கொண்டால் பஸ்ஸிலோ கூரியரிலோ அனுப்புவார். ஒரிஜினலா கொப்பியா என்பதை வாடிக்கையாளருக்கு முதலிலேயே சொல்லி, விலை இரண்டையும் சொல்லுங்கள். வந்ததும் ஒட்டுவதற்கு முன் வயரைப் பொருத்தி, வெளிச்சம், நிறம், விரல் பட்டால் வேலை செய்கிறதா என்று எல்லா மூலையிலும் பாருங்கள். மேலிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரித்த பிறகு எந்தக் கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டார்.

முற்பணம் கேட்க வெட்கமாக இருக்கிறது என்று பல பெண்கள் சொல்கிறார்கள். சொந்தக்காரரிடம் எப்படிக் கேட்பது? ஆண்கள் கடையில் அதே சொந்தக்காரர் மறுபேச்சின்றிக் கொடுக்கிறார். எங்களிடம் மட்டும் ஏன் அது கூச்சமாகிறது என்பதை யோசிக்கத்தான் வேண்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. 2022இல் மார்ச்சுக்கு முன் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபா வரை ஏறியபோது, சாமான் வாங்கி அடுக்கி வைத்திருந்தவர்கள் இலாபம் கண்டார்கள் என்பார்கள். உண்மைதான். அவர்கள் சொந்தப் பணத்தில் வாங்கியவர்கள். விலை இறங்கினாலும் பழைய மொடல் ஆகிவிட்டாலும் தாங்கக்கூடியவர்கள். கிழமைக் கடனில் வாங்கியவருக்கு அந்தக் காத்திருப்பு முடியாது.

பழுதான போன்களை மலிவாக வாங்கி ஸ்பீக்கர், கமரா, சிம் தட்டு, ஆணி என்பவற்றைக் கழற்றி வைப்பது நல்ல வழி. ஆனால் களவுப் போனும் அப்படித்தான் வரும். விற்பவரின் அடையாள அட்டை இலக்கத்தையும், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்கங்களையும் கொப்பியில் எழுதி, ஒப்பமும் வாங்குங்கள். போன் உயிர் இல்லாவிட்டால் அந்த இலக்கத்தைச் சிம் தட்டிலோ பற்றரிக்கு அடியிலோ தேடுங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள்.

உங்களிடம் மட்டும் இருக்கக்கூடிய ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தன் போனை ஆண்கள் கடையில் விட்டுவர மனமில்லாத பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். இடப்பெயர்வில் அல்பங்கள் தொலைந்துபோன வீடுகளில், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஒரேயொரு பழைய படம் அந்தப் போனில் மட்டுமே இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படமாகவும் அது இருக்கலாம். லொக் மறந்துவிட்டது என்று வரும் போனை றீசெற் செய்தால் போனில் உள்ளவை அழிந்துவிடும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லும் மறந்திருந்தால் போனைத் திறக்கவும் முடியாது. ஆகவே வேலையைப் பொறுப்பேற்கும்போதே "அம்மா, இதற்குள் அழியக்கூடாத படம் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டு, பதிலைப் பற்றுச்சீட்டிலும் எழுதுங்கள். இருக்கிறதென்றால் முதலில் ஒரு மெமரி கார்ட்டில் பிரதி எடுத்துக் கொடுங்கள். மெமரி கார்ட் இரண்டு மூன்று அந்தப் பத்தாயிரத்துக்குள் வாங்கலாம்.