குடியை நிறுத்த ஒரு துணை

மதுப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம், ஆக்ரன் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் இதைத் தொடங்கினர். இருவருமே குடிநோயால் அவதிப்பட்டவர்கள். இதில் சேரக் கட்டணம் இல்லை; குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும்.

கூட்டத்தில் உறுப்பினர்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். புதிதாக வருபவர் பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம். யார் வந்தார், என்ன பேசினார் என்பதை வெளியில் சொல்வதில்லை. திறந்த கூட்டங்களுக்குக் குடும்பத்தினரும் வரலாம். மூடிய கூட்டங்கள் குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' குழுக்கள் தனியாக உண்டு.

தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரக்கூடும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். சிகிச்சைக்குப் பிறகும் கூட்டங்களுக்குத் தொடர்ந்து செல்வது, மீண்டும் குடிக்காமல் இருக்கக் கைகொடுக்கும்.

அருகிலுள்ள குழுக்களைப் பற்றி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ குடிநோய் மீட்பு மையத்திலோ விசாரிக்கலாம். போதை மீட்புக்கான இந்திய அரசின் இலவச உதவி எண்: 14446.