ஆயில் சூடாகும் வரை

பிஎம்டபிள்யூ இ39 எம்5 என்றாலே 4941 சிசி வி8, 400 குதிரைத்திறன் என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஆறு கியர் மேனுவல் மட்டும்தான், ஆட்டோமேட்டிக்கே கிடையாது.

எனக்குப் பிடிச்சது அதன் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றியுள்ள ஆரஞ்சு விளக்குகள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயும் சில விளக்குகள் எரியும். ஆயில் சூடேறச் சூடேற ஒவ்வொன்றாக அணையும். அதுவரை அந்த எல்லையைத் தாண்டி முறுக்கக்கூடாது. சாதாரண 5 சீரிஸில் மைலேஜ் முள் இருக்கும் இடத்தில் இதில் ஆயில் வெப்பமானி (மைலேஜ் கேக்காதீங்கன்னு அர்த்தமோ!).

ஏன் ஆயில்? கூலன்ட் சீக்கிரம் சூடாகிடும். அதன் முள் நடுவுக்கு வந்தபிறகும் ஆயில் கெட்டியாகவே இருக்கலாம். மேனுவலில் எப்போ கியர் மாத்தணும் என்பது ஓட்டுறவர் கையில். இந்தத் தகவல் அவருக்குத்தான் வேணும்.

என் பழைய காரில் கூலன்ட் முள்ளை மட்டும் நம்பி விரட்டியிருக்கேன். இப்போ முதல் பத்து நிமிஷம் 3000-ஐத் தாண்டுறதில்லை.