பூனைக்கு எந்தப் பெட்டி?



"எங்க வீட்டுப் பூனைக்கு அம்மா புது லிட்டர் பெட்டி வாங்குனாங்க" என்று வாய்மொழிப் பயிற்சியில் தொடக்கநிலை 4 மாணவி ஒருத்தி சொன்னாள். பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை. "எத்தனை லிட்டர்?" என்று கேட்டுவிட்டான். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லை எடுத்துக் கொடுப்பது என்று எனக்கும் உடனே தோன்றவில்லை. பிறகு பிள்ளைகளோடு பேசி, பெட்டிக்குக் 'கழிவுப் பெட்டி', உள்ளே போடுவதற்குப் 'பூனை மணல்' என்று வைத்துக்கொண்டோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அதனால் மாணவர்கள் பேச்சில் பூனை அடிக்கடி வருகிறது. உங்களில் சிலர் வீட்டுக்கே வந்திருக்கும்.

மண்ணைத் தோண்டி, போன பிறகு மூடுவது பூனையின் பிறவிக் குணம். பெட்டி அதற்குப் பிடித்திருந்தால் போதும், பெரிதாகப் பழக்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் சோபா, மெத்தை, துவைக்கப் போட்ட துணி என்று தேடிப் போகும். "வேணும்னே பண்ணுது" என்று நாம் திட்டுவோம். பூனையை வேண்டாம் என்று கொண்டுபோய் விடுகிறவர்கள் சொல்லும் முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. பல நேரங்களில் தப்பு பெட்டியில்தான் இருக்கும்.

முதலில் அளவு. பூனையின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து பாருங்கள். பெட்டியின் நீளம் அதைப்போல் ஒன்றரை மடங்காவது வேண்டும். 44 செ.மீ. பூனைக்கு 66 செ.மீ. பெட்டி. (கணக்கும் எடுக்கிற ஆசிரியர்கள் இதை வைத்தே ஒரு கேள்வி போடலாம்.) கடையில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகள் பல இந்த அளவுக்கு வராது; அவை நம் வீட்டு மூலைக்குப் பொருந்தும்படி செய்தவை. நான் துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தை மட்டும் தாழ்வாக வெட்டி, வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன். குட்டிக்கும், மூட்டுவலி உள்ள கிழட்டுப் பூனைக்கும் இந்தத் தாழ்ந்த வாசல் ரொம்ப முக்கியம்.

மூடி போட்ட பெட்டி நமக்கு வசதி. நாற்றம் வெளியே வராது. ஆனால் அத்தனையும் உள்ளேயே நிற்குமே! நமக்குக் கண்ணில் படாததால் சுத்தம் செய்யவும் மறந்துவிடுவோம். சில பூனைகளுக்கு மூடி பிடிக்கும், அதையும் சொல்ல வேண்டும். முடிந்தால் இரண்டையும் வைத்துப் பாருங்கள், எது வேண்டுமென்று அதுவே காட்டிவிடும்.

மணலில், வாசனை சேர்க்காத, ஈரம் பட்டால் கட்டியாகும் பொடி மணலைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்பும். ஐந்து செ.மீ. ஆழம் போதும். சோயா சக்கையில் செய்த 'டோஃபு' மணலும் கிடைக்கிறது. எடை குறைவு, தூசியும் குறைவு. மிகச் சிறிய குட்டிகள் மட்டும் மணலைத் தின்று பார்க்கும். அவை வளரும்வரை கட்டியாகாத வகையைப் போடுங்கள்.

இடம்தான் வீவக வீட்டில் தலைவலி. பலர் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். பூனை உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இயந்திரம் ஒருமுறை தடதடவென்று சுற்றினால் போதும், அப்புறம் அந்தப் பக்கமே வராது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஒரு பூனைக்கு இரண்டு பெட்டி, இரண்டு பூனைக்கு மூன்று என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இடமில்லை என்றால் அடிக்கடி அள்ளியாக வேண்டும்.

தினமும் அள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தால், அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும். பெட்டியைக் கழுவச் சாதாரண சோப்பு போதும். பினாயில் வகைகள் பூனைக்கு நஞ்சு. களிமண் மணலைக் கழிவறையில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டுக் கடுவன் ஒருநாள் பெட்டிக்குள் போவதும், முக்குவதும், வெறுமனே வெளியே வருவதுமாக இருந்தது. "மலச்சிக்கல் போல, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். பக்கத்து வீட்டு அக்காதான் "மணல் காய்ஞ்சு கிடக்கே, சிறுநீரே போகலையே" என்று கவனித்துச் சொன்னார். அன்றிரவே விலங்கு மருத்துவரிடம் ஓடினோம். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. கடுவன் பூனைகளுக்குக் குழாய் குறுகலானது; அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். எங்களுடையது பிழைத்துக்கொண்டது.

இப்போதெல்லாம் காலையில் மணலை அள்ளும்போது கட்டிகளை எண்ணுகிறேன். இன்றைக்கு மூன்று.