ஈயம் பித்தளைக்கு ஒரு சிப்பாய்!

"ஏண்டா, பரண் மேல இருக்கே ஒன் பிளாஸ்டிக் பட்டாளம்... அத எடைக்குப் போட்டுரவா? போகி வருதுல்ல!"

உசிலம்பட்டியிலிருந்து அம்மாவின் போன். நான் மதுரையில், ஆடிட்டர் ஆபீஸில், யாருடைய லாபத்தையோ கூட்டிக்கொண்டிருந்தேன். (பத்திரிகைக்கு எழுதி வரும் பணம் பால் பாக்கிக்கே சரியாகப் போய்விடுவதால், பகலில் பி.காம். பட்டத்துக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கிறேன்.)

"கிலோ இருவது ரூவாயாம்டா..."

"போட்டுரும்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்து சீட் நண்பர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். அடுத்தவர் போன் பேசும்போது மட்டும் அவர் காதுகள் ஓவர்டைம் பார்க்கும்.

"என்ன பட்டாளம் சார்?"

"சின்ன வயசுல விளையாடினது. ஜி.ஐ. ஜோ."

"அய்யய்யோ! அதெல்லாம் இப்ப தங்கம் சார்! வெளிநாட்டுக்காரன் தேடித் தேடி வாங்குறான்!"

நான் போட்ட கூச்சலில் ஆடிட்டரே அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அம்மா! தொட்டுறாதம்மா! அப்படியே கெடக்கட்டும்!"

"ஏண்டா கத்துற? உள்ள பூரான் கீரான் இருக்கா?"

அந்த வாரம் முழுக்க என் கனவில் டாலர் மழை. மகளின் ஸ்கூல் ஃபீஸ் கடைசித் தவணை வேறு பாக்கி. பொம்மைச் சிப்பாய்களின் விலை விவகாரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நகைக்கடை செய்கூலி, சேதாரமெல்லாம் இதற்கு முன்னால் ஜுஜுபி!

ஒரு ஷில்லிங் பட்டாளம்

இந்த வியாபாரத்தின் தாத்தா, ஈயச் சிப்பாய். ஜெர்மனிக்காரர்கள் முழு ஈயத்தில் வார்த்து விற்றுக்கொண்டிருந்தார்கள். 1893-ல் லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பத்துக் கம்பெனி ஒரு தந்திரம் செய்தது. உருக்கிய ஈயத்தை அச்சில் ஊற்றுவது, ஓரம் உறைந்ததும் நடுவில் இருப்பதைத் திருப்பிக் கொட்டிவிடுவது. முட்டை ஓடு மாதிரி உள்ளே காலியாக ஒரு சிப்பாய் மிஞ்சுவான். ஈயம் மிச்சம், எடை மிச்சம், விலையும் மிச்சம். காலாட்படை என்றால் எட்டுப் பேர், குதிரைப்படை என்றால் ஐந்து பேர், ஒரு பெட்டி ஒரு ஷில்லிங்! ஜெர்மனிக்காரர்களால் இந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

சாம்ராஜ்யத்தின் படைகளை எல்லாம் வரிசையாக வார்த்தார்கள். அதில் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் உண்டு. நம்ம ஊர் ஆளையே ஈயத்தில் ஊற்றி லண்டனில் விற்றிருக்கிறார்கள், பாருங்கள்!

குழந்தைகள் வாயில் வைத்தால் ஈயம் விஷம் அல்லவா? 1966-ல் பிரிட்டன்ஸ் ஈயச் சிப்பாய்களை நிறுத்திவிட்டது. அதற்குள் லட்சக்கணக்கில் விற்றிருந்தாலும், பையன்கள் கழுத்தை உடைத்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். நம் தெருவில் "ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று கூவிக்கொண்டு வருவாரே, அந்த மாதிரி ஆசாமி எல்லா ஊரிலும் ஏதோ ஒரு ரூபத்தில் உண்டு. தப்பிப் பிழைத்தவை கொஞ்சம். அதிலும் பழைய சிவப்பு அட்டைப்பெட்டியோடு தப்பியவை ரொம்பக் கொஞ்சம். அவற்றுக்குத்தான் இன்றைக்கு யானை விலை. எட்டுப் பேரில் ஒருத்தன் தலை போனாலும் விலை சடாரென்று இறங்கிவிடும். பளபளப்பாக இருக்கட்டுமே என்று புது பெயின்ட் அடித்தால் போச்சு... அடிமாட்டு விலைதான்!

நம்ம ஜோ

என் பட்டாளம் பிளாஸ்டிக். 1964-ல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ கம்பெனி ஜி.ஐ. ஜோவை இறக்கியபோது அவர் ஓரடி உயர ஆசாமி. 'பொம்மை' என்று சொன்னால் பையன்கள் வெட்கப்படுவார்கள் என்று 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்று பெயர் வைத்தார்கள். 1982-ல் மூன்றே முக்கால் அங்குலமாகச் சுருக்கினார்கள். உள்ளே ஒரு ரப்பர் வளையம், அதுதான் இடுப்பையும் காலையும் சேர்த்துப் பிடித்திருக்கும்.

நம்ம சென்னை எம்.ஆர்.எஃப். குழுமத்தின் ஃபன்ஸ்கூல், ஹாஸ்ப்ரோவின் கூட்டோடு 1987-ல் தொடங்கியது. அங்கே ஓய்ந்த அச்சுகள் இங்கே வந்து மறுபிறவி எடுத்தன. சட்டை வேறு நிறம், தொப்பி வேறு நிறம் என்று அமெரிக்கப் பையன் கண்ணிலேயே படாத ஜோக்கள் நம்ம கடைகளில் தொங்கின. 1994-ல் அமெரிக்காவில் அந்த வரிசை நின்றுபோயிற்று, இங்கே ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு கேட்க வேண்டுமா? அந்த நாட்டு சேகரிப்பாளர்கள் 'இந்தியன் ஜோ'வைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஏன் தேடுகிறார்கள்? அரிதான பொருள் என்பது பாதிக் காரணம்தான். என் பெரியப்பா மாட்டு வண்டிக்குக் கழற்றிப் போட்ட அச்சாணி ஒன்று வீட்டில் இருக்கிறது, உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. யார் வாங்குவார்? பத்து வயதில் கிடைக்காமல் ஏங்கிய பையன், முப்பத்தைந்து வயதில் சம்பளத்தோடு திரும்பி வருகிறான் சார். விலையை ஏற்றுவது அவன்தான். அந்தத் தலைமுறை ஓய்ந்துவிட்டால் விலையும் மெதுவாக ஓய்ந்துவிடும்.

கேட்ட விலை, கிடைத்த விலை

இன்னொரு கதை. 1964 ஜோவுக்கு முன்னோடியாகக் கையாலேயே செய்த முதல் மாதிரி ஒன்று உண்டு. 2003 ஜூலையில் அமெரிக்காவின் சான் டியகோவில் ஏலத்துக்கு வந்தது. குறைந்தபட்ச விலை இரண்டரை லட்சம் டாலர். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்லை! அடுத்த மாதமே இரண்டு லட்சம் டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் சுமார் 90 லட்ச ரூபாய்.

பெரிய தொகைதான், ஆனால் பாடம் வேறு. விற்கிறவர் கேட்பது ஆசை. வாங்குகிறவர் எண்ணி வைப்பதுதான் விலை. இன்டர்நெட்டில் "ஜி.ஐ. ஜோ, 25,000 ரூபாய்" என்று போட்டிருப்பதைப் பார்த்து வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். எத்தனைக்கு விற்றது என்று பாருங்கள். அதிலும் ஏலக் கமிஷன், தபால் செலவு, வியாபாரியின் லாபம் எல்லாம் போய்த்தான் மிச்சம் நமக்கு.

காலேஜில் படித்தேன்: சரக்கை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும். பொம்மை வைத்திருப்பவன் எது அதிகமோ அதில் மதிப்பிடுகிறான். நானும் அப்படித்தான் மதிப்பிட்டுக்கொண்டு, சனிக்கிழமை உசிலம்பட்டி பஸ் ஏறினேன்.

சரக்குக் கணக்கு

பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மொத்தம் பதினொரு வீரர்கள். துப்பாக்கி உள்ளவர்கள் இரண்டு பேர். கட்டை விரல் இல்லாதவர்கள் நாலு பேர் (துப்பாக்கியைத் திணித்துத் திணித்து நானே ஒடித்தது). ரப்பர் இற்றுப்போய் இடுப்புக்குக் கீழே தனியாக நடந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் முகத்தில் எங்கள் நாயின் பல். அட்டை? வாங்கிய நிமிஷமே கிழித்தாயிற்று. கிழிக்காத அட்டைக்குத்தான் காசு என்று அன்றைக்கு எவன் சொன்னான்?

ஒரே ஒருத்தன் மட்டும் முழுசாக நின்றான். அவனுடைய வலது கட்டை விரல் செம்புக் கம்பி.

1997. நாலாவது படிக்கிறேன். கணக்கில் நூற்றுக்கு நூறு. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அப்பா, தீபாவளித் துணி எடுக்க மதுரைக்குக் கூட்டிப்போனார். கடையில் அவனைப் பார்த்துவிட்டு நான் நகரவில்லை. விலை அப்பாவின் ஒரு நாள் சம்பளத்துக்குப் பக்கம். தனக்கு எடுத்து வைத்திருந்த சட்டையை "போன வருசத்துது நல்லாத்தானடா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

ஒரே வாரத்தில் விரலை ஒடித்துவிட்டு அழுதேன். அப்பா வயரிலிருந்து ஒரு இழை செம்பை உருவி, ஊசியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு, விரல் வைத்தார். ரப்பர் அறுந்தபோது சைக்கிள் வால்வு ட்யூபை வெட்டி மாட்டினார்.

"ரிப்பேர் பீஸ் சார்!"

ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். வந்தவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், டாக்டர் மாதிரி ஒவ்வொருத்தன் காலையும் ஆட்டினார். பத்துப் பேருக்குமாகச் சேர்த்து நாலாயிரத்து ஐநூறு. பேரம் பேசி ஐயாயிரம். டாலர் மழை தூறலோடு நின்றது, ஆனாலும் ஃபீஸ் கட்டிவிடலாம்.

பதினொன்றாவது ஆளை எடுத்தார். "அடடா, இந்தக் கலர் கிடைக்காது சார். சும்மா விட்டிருந்தாலாவது ஒரு கணக்குப் போடலாம். எவனோ ஓட்டை போட்டுக் கம்பியைச் சொருகிக் கெடுத்து வெச்சிருக்கான். இதுக்கு விலையே இல்ல. வேணும்னா ஐநூறு வாங்கிக்குங்க. கம்பியப் பிடுங்கிட்டு வேற கை மாட்டிக்கிறேன்."

திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பேப்பரை இறக்கினார். என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"நான்தான் கெடுத்துட்டேனாடா?"

எனக்கு ஒரு நிமிஷம் தொண்டை அடைத்துக்கொண்டது. பி.காம். சிலபஸில் இதற்குப் பதில் இல்லை.

"இது விக்கிறதுக்கு இல்லண்ணே" என்று வியாபாரி கையிலிருந்து வாங்கி, அப்பாவிடம் கொடுத்தேன். அவர் விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பைத் திருகினார். மெக்கானிக் புத்தி!

"பாத்தியா, ஆடல. செம்புடா, துருப்பிடிக்காது. வால்வு ட்யூப்தான் மாத்தணும்."

வியாபாரி ஐயாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விலையே இல்லன்னாரே... கவர்மென்ட்டுல விலையில்லா மிக்ஸி குடுத்தாகளே, அந்த மாதிரியா?" என்றார்.

"அத விட நல்லா ஓடுதுப்பா."

அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "மிக்ஸிய ஏண்டா வம்புக்கு இழுக்குறீங்க? 2012-லேர்ந்து சட்னி அரைக்குது!"

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கலாம். விற்பதானால் நன்றாக விற்றுக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்காதீர்கள், உடைந்த துண்டையும் துப்பாக்கியையும் தூக்கிப் போடாதீர்கள், ஈயச் சிப்பாய் என்றால் தொட்டபின் கையைக் கழுவுங்கள், குழந்தை கையில் கொடுக்காதீர்கள். கேட்கிற விலையை விட்டுவிட்டு, விற்ற விலையைப் பாருங்கள்.

அவன் இப்போது என் ஆபீஸ் மேஜையில் கால்குலேட்டர் பக்கத்தில் நிற்கிறான். புது வால்வு ட்யூப். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முழுசாகத் தேய்மானம் எழுதித் தீர்த்துவிட்ட சொத்தை, உபயோகத்தில் இருக்கிறவரை புத்தகத்திலிருந்து அடிக்காமல், பேருக்கு ஒரு ரூபாய் என்று காட்டி வைத்திருப்போம்.

பக்கத்து சீட் நண்பர் நேற்றுகூடக் கேட்டார்: "இது என்ன விலை சார் போகும்?"

"ஒரு ரூபாய்" என்றேன்.

"அப்ப குடுங்களேன்!" என்று கையை நீட்டினார். ஆசை, தோசை!